ஏழாவது வரி

தாள் செத்துப்போயிருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை, றஞ்சினியே மறுக்கவில்லை. ஆனால் தாள் செத்திருந்தால் அதற்குரிய ஆள் இவ்வளவு காலமும் அந்த நாட்டில் வாழவேயில்லை என்று வதிவிடப் பணியகம் சொன்னது. அந்த இடத்தில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் இஞ்சைதானே நிக்கிறன் பிள்ளை," என்றாள். "உமக்கு முன்னாலை. மூச்சு விட்டுக்கொண்டு."

"எனக்குத் தெரியுது அன்ரி," என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மிதுஷா. "மெஷினுக்குத் தெரியேல்லை."

மிதுஷா அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பணியகத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழ் முகம் ஒன்று வாசலில் தெரிந்தால் மற்ற அதிகாரிகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேநீர் குடிக்க வேண்டும் போல வந்துவிடும். கவுண்டரில் மிதுஷாதான் இருப்பாள்.

எந்த நாடு என்று கேட்காதீர்கள். பனி கொட்டும், பேருந்து நேரத்துக்கு வரும், பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் பெயர் வாயில் வராது. அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் அங்கே இருக்கும் சொந்தக்காரர் யாராவது போன் எடுத்து, எங்கடை நாட்டைப் பற்றி அப்படி எழுதலாமோ என்று சண்டைக்கு வருவார்.

முன்பு அங்கே நிரந்தர வதிவிட உரிமைக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார்கள். அதைக் கள்ளமாக அடித்தார்கள். வாடகைக்கு விட்டார்கள். அட்டையை இங்கே வைத்துவிட்டு ஆள் வேறு நாட்டில் போய்க் குடியிருந்தார். இதற்கெல்லாம் மருந்தாக வந்ததுதான் உயிர்த்தாள். உங்கள் தோளில் இருந்து துளித் தோல் எடுத்து, அதை ஒரு தட்டில் வளர்த்து, உள்ளங்கை அளவு தாளாக்கித் தருவார்கள். தேன் நிறம். எழுத்துகள் மச்சம் மாதிரி அதற்குள்ளேயே முளைத்திருக்கும். கமராவில் விழாது, படம் எடுப்பது குற்றமும்கூட. வேறு பிரதி யாரிடமும் இல்லை. பணியகத்திடமும் இல்லை, உங்கள் தாளே மூலம் என்று பெருமையாகச் சொல்வார்கள். உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தபாலில் ஒரு சின்னக் குப்பி வரும். அதிலுள்ள ஊட்டத்துளியைத் தாளின்மேல் விட வேண்டும். நாட்டை விட்டுப் போனவருக்குத் துளி கிடைக்காது. துளி கிடைக்காத தாள் சாம்பல் நிறமாகி, எழுத்தெல்லாம் அழிந்து, தவிடு மாதிரி உதிர்ந்துவிடும்.

றஞ்சினியின் தாள் உதிரவில்லை. அது வேறு விதமாகச் செத்தது. நாட்டுக்கு வந்து தாள் கையில் கிடைத்த அதே கிழமை, நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, வீட்டோடு ஒட்டிய தங்கள் பலசரக்குக் கடை மூலையில் இருந்த மெஷினில் கொடுத்து அதை அவள் லேமினேட் செய்துவிட்டாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். றஞ்சினி சிறுபிள்ளையாய் இருந்தபோது ஊர்ப் போரின் கடைசிச் சண்டைக்குள்ளே நெஞ்சளவு தண்ணீரில் கடல்நீரேரியைக் கடந்து வந்தவள். தாய் தலையில் ஒரு சொப்பிங் பை வைத்திருந்தாள். உள்ளே பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். வழியில் பை தண்ணீருக்குள் விழுந்தது. முகாமில் பெயர் பதிந்த ஆள் மை கரைந்த தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு பிள்ளை இருந்ததற்கு ஆதாரம் இல்லையே அம்மா என்றான். அந்தப் பிள்ளை றஞ்சினியின் அண்ணன். கடல்நீரேரியின் மறுகரையில் அவனைக் காணவில்லை. அதன் பிறகு தாளில்கூட அவனைக் காணவில்லை. அன்றிலிருந்து றஞ்சினிக்குத் தாள் என்றால் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்க வேண்டும், தண்ணீர் போகக்கூடாது, கை படக்கூடாது.

தாள் மெஷினுக்குள் போனபோது மயிர் கருகுகிற மணம் வந்தது. புது நாட்டு மெஷின் இப்படித்தான் மணக்குமாக்கும் என்று நினைத்தாள். கூட வந்த அறிவுறுத்தல் புத்தகம் அந்நாட்டு மொழியில் இருந்தது. அதை வாசிக்கிற அளவுக்கு அவளுக்கு மொழி வந்தபோது காலம் கடந்துவிட்டது. கணவனிடம் சொல்ல வாய் வரவில்லை. தாள் பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அது பொய்யும் இல்லை. ஆண்டுதோறும் தனக்கு வந்த ஊட்டத்துளியைச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் சாடிக்குள் ஊற்றினாள். வெளியே பனி கொட்டும் அந்த ஊரில் அவள் வீட்டுக் கறிவேப்பிலை மட்டும் முகட்டை முட்டிக்கொண்டு நின்றது.

இப்போது அரசாங்கம் திடீரென்று மறுபார்வை என்று ஒரு சட்டம் போட்டது. நிரந்தர உரிமை உள்ள எல்லோரும் தாளை மெஷினில் காட்ட வேண்டும். யார் இருக்கலாம், யார் போகவேண்டும் என்று புதிதாகத் தீர்மானிப்பார்களாம். அப்படித்தான் அவள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

மிதுஷா பிளாஸ்டிக்குக்குள் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலைகளில் இருந்த மஞ்சளை விரலால் தொட்டாள். பிறகு பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு அதைக் கெதியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"செத்த தாளை நாங்கள் வாங்கி அழிக்கவேணும்," என்றாள் மெதுவாக. "நீங்கள் இண்டைக்குக் கொண்டு வர மறந்திட்டியள் எண்டு போடுறன். கருணை மனு ஒண்டு இருக்கு. நான் தொடர்ந்து இஞ்சை வாழேல்லை, அதுக்கு வருந்துறன் எண்டு கையெழுத்து வைச்சா ஒரு வருசத் தாள் தருவினம். மாசா மாசம் வந்து காட்டவேணும்."

"வைக்காட்டி?"

"விசாரணை. அதிலை தோத்தா விமானம்தான் அன்ரி."

"நான் ஒரு இடமும் போகேல்லை," என்றாள் றஞ்சினி. "போகாத ஆள் போனனான் எண்டு ஏன் கையெழுத்து வைக்கவேணும்? விசாரணையைப் போடும்."

கணவன் கிருபாகரனுக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கடையில் மிளகாய்த்தூள் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கையில் இருந்த பையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் எதையும் சட்டப்படி செய்கிற மனிதர். ஆள் இல்லாத தெருவிலும் பச்சை விளக்கு வரும்வரை நிற்பார். அவருடைய உயிர்த்தாள் நெஞ்சில் பட்டியால் கட்டி இருந்தது. இத்தனை வருடமும் அதற்காக மல்லாந்துதான் படுத்தார். நெஞ்சில் சொறி வந்து புண்ணானபோதும் பட்டியை அவிழ்க்கவில்லை. மனைவியைக் கட்டிப்பிடிப்பதென்றாலும் பக்கவாட்டில்தான். அதுவும் தாள் கசங்காமல்.

"இத்தினை வருசம் எனக்குச் சொல்லேல்லை," என்றார்.

"சொன்னா நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவையளிட்டை ஒப்படைச்சிருப்பியள்."

அவர் அதை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் றஞ்சினிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மனுவிலை வை றஞ்சி. ஒரு கையெழுத்து. ஆருக்கு நட்டம்?"

"எனக்கு."

"பிடிவாதத்தாலை என்ன கிடைக்கும் உனக்கு?"

"எங்கடை அண்ணன் இருந்ததுக்கு ஆதாரம் இல்லையெண்டு சொன்னதுக்கு அம்மா தலையாட்டிப்போட்டு வந்தவ. என்னையும் இல்லையெண்டு சொல்லுகினம். நான் தலையாட்டமாட்டன். அனுப்பினா அனுப்பட்டும், இருந்தனான் எண்டு சொல்லிக்கொண்டுதான் ஏறுவன்."

விசாரணையில் வக்கீல் வேண்டாம், தானே பேசுவேன் என்றாள். பேசுவதற்கு முன் தாளில் என்னதான் எழுதியிருக்கிறது என்று அறிய வேண்டுமே. நம் ஆட்கள் உயிர்த்தாளின் எண்ணைப் பாடமாக வைத்திருப்பார்கள், அதன் வசனங்களை ஒருவரும் வாசிப்பதில்லை. கல்யாண வீட்டு வாழ்த்து மடலை யாராவது முழுதாக வாசிக்கிறார்களா? கிடைத்துவிட்டது, அது போதும். றஞ்சினி தன் தாளை மேசையில் வைத்துக்கொண்டு, கண் சரியாகத் தெரியவில்லை, உங்களுடையதைச் சத்தமாக வாசியுங்கள் என்று கிருபாகரனைக் கேட்டாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சைக் குனிந்து பார்த்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார். அவள் தன் தாளில் விரல் வைத்துத் தொடர்ந்தாள். பெயர், பிறந்த இடம், வழங்கிய நாள், வேலை செய்யும் உரிமை, படிக்கும் உரிமை, சட்டத்துக்குக் கட்டுப்படும் கடமை. அவர் சட்டையைப் பூட்டினார்.

"கடைசி வரியை விட்டிட்டியள்," என்றாள்.

"எல்லாம் வாசிச்சிட்டன்."

"ஏழாவது வரியப்பா."

"ஆறுதான் இருக்கு றஞ்சி."

அவள் தாளை அவர் பக்கம் திருப்பினாள். கருகிய தேன் நிறத்தில், பிளாஸ்டிக்குக்குக் கீழே, ஏழாவது வரி ஆடாமல் அசையாமல் இருந்தது. கிருபாகரன் அதை ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தார்.

இவ்வுரிமை ஒருமுறை வழங்கப்பட்டபின் மறுபார்வைக்கு உட்படாது. எந்த அரசும் எக்காரணத்தாலும் இதைத் திரும்பப் பெறாது.

"என்ரையிலையும் இது இருந்தது," என்றார். "இதை வாசிச்சுத்தான் உன்னைக் கூப்பிட மனுப் போட்டனான். இப்பத்தான் ஞாபகம் வருது. பேந்து ஒருநாளும் குனிஞ்சு பாக்கேல்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை மிதுஷா கறிவேப்பிலை வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்தாள். அவள் கறிவேப்பிலையைப் பிடித்த பிடியிலேயே அவளுக்குச் சமையல் தெரியாது என்பது தெரிந்தது. றஞ்சினி இரண்டு தாள்களையும் பற்றிச் சொன்னாள். மிதுஷா திடுக்கிடவில்லை.

"தாள் தோல்தானே அன்ரி. தோல் உதிர்ந்து உதிர்ந்து புதுசா வளரும். எழுத்தும் அதோடை புதுசா வளரும். எந்த எழுத்து வளரவேணும் எண்டு சொல்லுறது துளி."

"அப்ப துளியை மாத்தினா?"

"எல்லாற்றை தாளிலையும் ஒரே வருசம் மாறும். பக்கத்து ஆளின்ரையோடை வைச்சுப் பாத்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழசு உலகத்திலை ஒரு இடத்திலையும் இருக்காது. செத்தது உதிர்ந்திடும். உங்கடை மாதிரிச் சூட்டிலை ஒரேயடியாச் செத்து, காத்துப் போகாமல் மூடினது மட்டும்தான் அண்டைக்கு இருந்த மாதிரியே இருக்கும்."

கிருபாகரன் குறுக்கே பேசினார். "அந்த வரி இருந்தா இந்த மறுபார்வைச் சட்டமே செல்லாது, என்ன பிள்ளை?"

"செல்லாது அங்கிள். அதாலைதான் வரி போனது. ஆனா ஒரு தாள் மட்டும் காணாது. செத்த தாள், மெஷின் வாசிக்காது. நீங்களே செய்து எடுத்த கள்ளத் தாள் எண்டு சொல்லிப்போடுவினம். இன்னும் வேணும்."

றஞ்சினி சிரித்தாள். அந்தக் கிழமையில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"எங்கடை சனத்தைத் தெரியாதோ உமக்கு? பிள்ளையின்ரை நீச்சல் சான்றிதழ் லேமினேட். சாதகம் லேமினேட். டிவி வாங்கின உத்தரவாதத் தாளையும் லேமினேட் பண்ணி வைச்சிருக்கினம். உயிர்த்தாளை மட்டும் விட்டிருப்பினமே? எத்தினை வீட்டிலை பிஸ்கட் டின்னுக்குள்ளை கிடக்கோ தெரியாது. ஒருத்தருக்கும் சொல்ல வெக்கம், என்னை மாதிரி."

மிதுஷா எதுவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கறிவேப்பிலைக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அங்கே ஒரு தமிழ் வானொலி உண்டு. மரண அறிவித்தல், மலிவு விற்பனை, இடையில் நேயர்கள் போன் எடுத்து அரசியலை வெட்டிப் பிளக்கும் ஒரு நிகழ்ச்சி. றஞ்சினி அந்த நிகழ்ச்சிக்குப் போன் எடுத்தாள். பெயரைச் சொன்னாள், கடையின் பெயரையும் சொன்னாள்.

"நான் என்ரை உயிர்த்தாளை லேமினேட் பண்ணிப்போட்டன்," என்றாள். "விசர் வேலைதான். ஆனா அதாலைதான் அதிலை ஒரு வரி மிஞ்சியிருக்கு, உங்கடையளிலை இல்லை. என்னை மாதிரி வேறை ஆரும் செய்திருந்தா விசாரணை நாளுக்குக் கொண்டு வாங்கோ. வெக்கப்பட்டுக்கொண்டு டின்னுக்குள்ளை வைச்சிருந்தா நாளைக்கு எல்லாரையும் ஒவ்வொருத்தரா ஏத்துவினம்."

அறிவிப்பாளர் இருமினார். அடுத்து வந்த அழைப்பு ஒன்று, அந்த அக்கா தோசையையும் லேமினேட் பண்ணுவாவோ என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்தது. வேறு யாரும் எடுக்கவில்லை. அடுத்து ஒரு நகைக்கடை விளம்பரம் போனது.

கிருபாகரன் அன்று முழுவதும் கடை முன்பக்கம் வரவில்லை. "ஊர் முழுக்கச் சிரிக்குது," என்றார்.

"சிரிக்கட்டும். சிரிக்கிறவையும் இஞ்சைதானே இருக்கினம், அவைக்கும் ஆறு வரிதான்."

அப்படிச் சொன்னாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. பெட்டி அடுக்கத் தொடங்கினால் பயம் வென்றுவிடும் என்று ஒரு சட்டையைக்கூட மடித்து வைக்கவில்லை.

விசாரணை மண்டபத்தில் பொதுமக்கள் உட்காரும் பக்கம் நிறைந்திருந்தது. நம் ஆட்கள்தான். ஆனால் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோர் மடியிலும் ஒரு பை, பைக்கு மேல் இரண்டு கை. வேடிக்கை பார்க்க வந்தார்களா, சாட்சிக்கு வந்தார்களா என்று தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. செத்த தாளை வெளியே எடுத்த நிமிடம் அவர்களும் அந்த நாட்டில் வாழாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

விசாரணைத் தலைவர் பொறுமையான மனிதர். பொறுமையாகக் கேட்டு, பொறுமையாக ஆளை அனுப்பிவிடுவார் என்று பெயர். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் மிதுஷா. றஞ்சினி தாளை உயர்த்திப் பிடித்து ஏழாவது வரியை அந்நாட்டு மொழியிலேயே வாசித்தாள். உச்சரிப்பு அங்கங்கே இடறியது, அவள் நிறுத்தவில்லை.

"இப்படி ஒரு வரி எந்த உயிர்த்தாளிலும் இல்லை," என்றார் தலைவர். "உங்கள் கணவருடையதில் இருக்கிறதா?"

கிருபாகரன் எழுந்தார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அந்த மனிதர் அத்தனை பேருக்கு முன்னால் சட்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டினார். "இப்ப இல்லை. இருந்தது," என்றார்.

"இப்போது இல்லை என்பதைத்தான் நானும் சொல்கிறேன். அம்மா, நீங்கள் வைத்திருப்பது பிளாஸ்டிக்கில் அடைத்த ஒரு செத்த பொருள். ஒன்றே ஒன்று. அதை அழிக்கக் கொடுத்துவிட்டுக் கருணை மனுவில் கையெழுத்திட்டால் நான் தாராளமாக நடந்துகொள்வேன். இதே போல வேறொன்று இருப்பதாகக் காட்ட முடியுமா?"

மிதுஷா அதைத் தமிழில் சொன்னாள். தேவைக்கு மேல் சத்தமாக, றஞ்சினியைப் பார்க்காமல், பார்வையாளர் பக்கம் திரும்பிச் சொன்னாள். பைகளின் மேல் இருந்த கைகள் அசையவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார். றஞ்சினிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு நொடி அவளுக்கு அந்த முழுச் சனத்தையும் பிடிக்காமல் போனது.

மிதுஷா காதில் இருந்த கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கைப்பைக்குள் இருந்து ஒன்றை எடுத்துத் தலைவரின் முன் வைத்தாள். பிளாஸ்டிக் உறை. உள்ளே கருகிய தேன் நிறத்தில் ஒரு தாள். நாலு மூலையிலும் மஞ்சள்.

"என் அம்மாவின் தாள்," என்றாள் தலைவரின் மொழியில். "போன மாதம் கருணை மனுவில் அம்மா கையெழுத்து வைத்தார். நாட்டை விட்டு ஒரு நாளும் போகாதவர். அந்த மனுவை அவருக்கு மொழிபெயர்த்து, இந்த இடத்தில் கையெழுத்து வையுங்கள் அம்மா என்று விரல் காட்டியது நான். தாள் அழிக்கப்பட்டது என்று பதிந்ததும் நான். அழிக்கவில்லை. இதிலும் ஏழு வரி இருக்கிறது."

"உங்களுக்கு வேலை போகும், தெரியுமா?" என்றார் தலைவர்.

"தெரியும்."

பின்னால் ஒரு பிஸ்கட் டின்னின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. மூடி இறுகியிருந்தது, திறக்கிறவர் வயதானவர், கொஞ்சம் இழுபட்டது. பிறகு இன்னொரு டின். பிறகு பொலித்தீன் பைகள், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய பைகள், அவிழ்க்க அவிழ்க்க முடியாமல் சரசரத்தன. ஒருவர் தன் தாளைச் சட்டம் போட்டுக் கண்ணாடியும் அடித்து வைத்திருந்தார். வானொலியில் தோசை பற்றிக் கேட்ட குரல், "என்னட்டையும் ஒண்டு கிடக்கு" என்றது. கொண்டு வந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று தாளைத் தூக்கிப் பிடித்தார்கள். றஞ்சினி அழுதாள். அழுதுகொண்டே, சற்று முன் அவர்களை வெறுத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

தூக்கிப் பிடித்திருந்த தாள்களைத் தலைவர் கண்ணால் எண்ணினார். பிறகு எல்லாத் தாள்களையும் ஒப்படைக்கும்படி சொன்னார்.

"வாசிக்கலாம்," என்றாள் றஞ்சினி. "ஒவ்வொண்டா வந்து வாசியுங்கோ. தரமாட்டம்."

அதை மொழிபெயர்க்க ஆள் இல்லை. மிதுஷா ஏற்கெனவே இந்தப் பக்கம் வந்து நின்றாள். ஆனால் தலைவருக்கு விளங்கியது. அடுத்த மாதம் நிபுணர்கள் முன்னிலையில் செத்த தாள்களையும் உயிருள்ள தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதென்றும், அதுவரை யாரையும் அனுப்புவதில்லை என்றும் தீர்மானம் ஆனது. வெளியே வந்தபோது சனம் றஞ்சினியைச் சுற்றிக்கொண்டது. கேலி செய்த வாயெல்லாம் அக்கா அக்கா என்றது. கிருபாகரன் கூட்டத்துக்குள்ளே தன் நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டு நின்றார், தாள் கசங்காமல்.

அடுத்த கிழமை தபாலில் குப்பிகள் வந்தன. வீட்டுக்கு வீடு வந்தன. கூடவே அழகான ஒரு கடிதம்: உயிர்த்தாளுடையோரின் நலன் கருதி இவ்வாண்டு ஊட்டத்துளி முன்கூட்டியே அனுப்பப்படுகிறது, உடனே பயன்படுத்தவும்.

கிருபாகரன் வழக்கம் போலக் கை கழுவினார். வழக்கம் போலச் சட்டையைக் கழற்றி, கடைக்குப் பின்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்து, குப்பியின் மூடியைத் திருகினார். துளி விழுந்து ஊறும்வரை அசையாமல் இருக்க வேண்டும். அவர் இத்தனை வருடமும் ஒருமுறைகூட அசைந்ததில்லை. றஞ்சினி முன்பக்கம் ஒருவருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"றஞ்சி," என்று கூப்பிட்டார். "இது வழமையா வைகாசியிலைதானே வாறது?"

"ஓம். ஏன்?"

"இப்ப ஏன் வந்தது?"

அவள் பருப்பைத் தராசில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். அவர் குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை விட்டா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பார். ஏழாவது வரி திரும்ப வளரும். எல்லாருக்கும். அடுத்த மாசம் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாப்பினம். செத்ததிலையும் ஏழு, உயிரோடை இருக்கிறதிலையும் ஏழு. ஒரு பிழையும் நடக்கேல்லை, ஆரோ கதை கட்டினவை எண்டு முடிப்பினம். பேந்து ஆறுதலா, இன்னொரு வருசத் துளியிலை திரும்பவும் எடுப்பினம்."

றஞ்சினி குப்பியை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அது தோன்றியிருக்கவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்த மனிதருக்குத்தான் சட்டம் எந்தப் பக்கத்தால் நழுவும் என்பதும் தெரிந்திருந்தது.

கிருபாகரன் நெஞ்சுப் பட்டியை அவிழ்த்தார். தாளை எடுத்தபோது அதற்குக் கீழே வெயில் படாத ஒரு சதுரம், சொறித் தழும்போடு, வெளிறிப்போய் இருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"மெஷினைச் சூடாக்கு," என்றார்.

"செத்துப்போகுமப்பா."

"ஆறு வரியோடை சாகட்டும். அவை எடுத்ததுக்கு இதுதான் சாட்சி."

"பேந்து உங்களையும் இஞ்சை வாழாத ஆள் எண்டு சொல்லுவினம்."

"உன்னோடைதானே இருந்தனான், அதைச் சொல்லு," என்றார். சொல்லிவிட்டு, கூச்சத்தில் மெஷினின் வயரைத் தேடுகிறவர் மாதிரிக் குனிந்துகொண்டார்.

முன்பக்கம் பருப்புக்குக் காத்திருந்த ஆள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பருப்பை மறந்துவிட்டு வெளியே ஓடினார். றஞ்சினி வானொலிக்குப் போன் எடுத்து, துளியை ஒருவரும் விட வேண்டாம் என்று சொல்லி முடிக்கிறதற்குள் கடை வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கடும் குளிரில் மேற்சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். தமிழர் மட்டும் இல்லை. அடுத்த தெருச் சோமாலியர், எதிர்ப்பக்கத்து ரொட்டிக் கடைக்காரர், இவள் பெயர் தெரியாத பலர்.

மெஷினின் பச்சை விளக்கு எரிந்தது. கிருபாகரன் தன் தாளை இரண்டு கையாலும் உறைக்குள் வைத்தார். மெஷினுக்கு முன்னால் கொண்டுபோனவர் நின்றுவிட்டார்.

"என்ன, பயமோ?" என்றாள் றஞ்சினி.

"மஞ்சள் பூசேல்லை," என்றார்.

அவள் சமையலறைக்குப் போய் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தாள். அவர் நாலு மூலையிலும் தானே வைத்தார். தாள் மெஷினுக்குள் போனது. மயிர் கருகுகிற மணம் கடை முழுக்கப் பரவியது. மறுபக்கம் அது ஆறு வரியோடு சூடாக வந்து விழுந்தது. கிருபாகரன் குப்பியை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறைக் கறிவேப்பிலைச் சாடிக்குள் கவிழ்த்தார். றஞ்சினி கதவைத் திறந்து, அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னாள்.